கோர்க்காமல் விட்ட தாள்

கலாவதிப் பிள்ளைக்கு,

நூலகத்தின் உசாத்துணைப் பகுதியில், அதுதான் ரெஃபரன்ஸில், வேலைக்குச் சேருகிற எவருக்கும் நான் சொல்லும் முதல் புத்தி, நல்ல சப்பாத்து வாங்குங்கள் என்பதுதான். நூலகப் பட்டப்படிப்பில் இதைச் சொல்லித்தர மாட்டார்கள். வாசகர் கதிரையில் இருப்பார், நடப்பது நீங்கள். இருபத்திரண்டு வருசம் அந்தக் கல்தரையில் நடந்த பலன், இப்போது ஹரோவில் என் வீட்டு மாடிப்படி ஏறும்போது குதிக்காலில் தெரிகிறது. நீங்கள் இளம்பிள்ளை, இப்போதே கவனித்துக்கொண்டால் நல்லது.

உங்கள் கடிதம் செவ்வாய்க்கிழமை கிடைத்தது. எல்லாம் சீடிக்கு வந்துவிட்டதால் சட்டப் பகுதியின் பழைய தாள்கோப்புகளை அகற்றப்போவதாக எழுதியிருக்கிறீர்கள். சந்தோசம். பழைய விசாரணை மேசையில் அடியில் இழுக்கிற லாச்சியில், அட்டைகளுக்குக் கீழே ஒற்றைத் தாள் ஒன்று கிடந்ததாம். குடிவரவுச் சட்டக் கோப்பின் முப்பத்தோராம் வெளியீடு, 1993. கோப்பின் முன்னட்டையில் அந்த வெளியீடு முழுவதும் கோர்க்கப்பட்டதாக என் கையெழுத்து இருக்கிறதாம். இந்தத் தாளை எறிவதா, அல்லது வைத்ததற்கு ஏதும் காரணம் உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நீங்கள் ஆங்கிலத்தில் கேட்டதற்கு நான் தமிழில் எழுதுவதைக் குறையாக எடுக்க வேண்டாம். சட்டன் நகரில் சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு அம்மா உங்களை இழுத்துக்கொண்டு போனதாகச் சொன்னீர்களே, அது வீண் போகக் கூடாது. மேலும் உங்கள் அலுவலகத்தில் வேறு எவருக்கும் இது வாசிக்க வராது.

'மறதி' என்று ஒரு சொல்லில் பதில் எழுதி முடித்திருக்கலாம். ஆனால் விசாரணை மேசைக்கு வந்தவருக்கு அரைப் பதில் கொடுத்து அனுப்பும் பழக்கம் எனக்கு ஒருநாளும் இருந்ததில்லை.

நான் சேர்ந்த காலத்தில் உசாத்துணைப் பகுதி என்பது ஒரு நீண்ட அறையும் நிறையத் தூசும்தான். அந்த நாளில் லண்டனுக்கு வந்த யாழ்ப்பாணத்தவன் ஒவ்வொருவனும் கணக்கியல் படித்து எக்கவுண்டன் ஆகத்தான் வந்தான். நானும் அப்படித்தான் வந்தேன். சோதனையில் மூன்று தரம் கோட்டை விட்டு, கடைசியில் இந்தப் பல்கலைக்கழக நூலகத்தில் புத்தகம் அடுக்கப் போனேன். போன இடம் பிடித்துப்போயிற்று. இரவல் பகுதிப் புத்தகங்கள் ஊர்சுற்றிகள். இன்று போகும், மாதம் கழித்துத் தேநீர்க் கறையோடு வரும், சில வராமலே போகும். உசாத்துணை அப்படியல்ல. வெளியே போகாது. எப்போது கேட்டாலும் அதே தட்டில், அதே இடத்தில் இருக்கும்.

எண்பதுகளில் அந்தப் பகுதியை நான்தான் கட்டியெழுப்பினேன் என்றால் அது வீம்புப் பேச்சல்ல. அகராதி, ஆண்டுநூல், தேசப்படம், முகவரிக்கொத்து ஒவ்வொன்றுக்கும் புதிய பதிப்பு எந்த மாதம் வரும் என்பது என் விரல் நுனியில் இருந்தது. புதியது வந்த அன்றே பழையது வெளியேற வேண்டும் என்பது என் சட்டம். ஒரு பேராசிரியர் பழைய கலைக்களஞ்சியத்தை அகற்ற விடமாட்டேன் என்று அதன் முன்னால் நின்று மறித்தார். அதன் மணம் அவருக்குப் பிடிக்குமாம். இருபத்தெட்டுத் தொகுதிகளையும் அவருடைய அறைக்கே அனுப்பிவைத்தேன். பிழையான தகவல் தட்டில் இருப்பதைவிடத் தட்டு வெறுமையாக இருப்பது மேல் என்று புதிய ஊழியர்களுக்குப் படிப்பிப்பேன். அதிகம் பேர் புரட்டிய உசாத்துணை நூல் ரயில் நேரசூசிதான் என்பது வேறு கதை.

எனக்கு உயிரான வேலை லூஸ்லீஃப் கோப்புகள். உங்கள் காலத்துக்கு அது பழங்கதை, அதனால் சொல்லிவிடுகிறேன். சட்டம் அடிக்கடி மாறும். மாறும்போதெல்லாம் முழுப் புத்தகத்தையும் அச்சடிக்க முடியாது. ஆகவே வளையக் கோப்பில் தாள்களாகக் கோர்த்து விற்பார்கள். சில மாதத்துக்கு ஒருமுறை ஒரு கட்டுத் தாள் தபாலில் வரும். கூடவே ஒரு குறிப்பு வரும்: இந்தப் பக்கங்களைக் கழற்று, இவற்றைக் கோர். முடிந்ததும் கோப்பின் முன்னட்டையில் வெளியீட்டின் இலக்கத்துக்கு நேரே திகதியும் கையெழுத்தும் போட வேண்டும். வாசகர் அந்த அட்டையைப் பார்த்துத்தான் கோப்பை நம்புவார். மற்றவர்களுக்கு இந்த வேலை வேப்பெண்ணெய். எனக்கோ புதன்கிழமைக் காலையில் கட்டைப் பிரிக்கும்போது மனம் இலேசாகிவிடும்.

பெனடிக்ற் தொண்ணூற்றொன்றில் வந்தார். மன்னார்க்காரர், முப்பத்தெட்டு வயது. ஊரில் ஒரு அப்புக்காத்து வக்கீலிடம் பதினைந்து வருசம் கிளாக்கராக இருந்தவர். கிழக்கு லண்டனில் பார்க்கிங் என்கிற ஊரில் தமக்கை றோஸ்மலர் வீட்டில் தங்கி, அகதி விண்ணப்பம் போட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தார். வெளியாளுக்கு எங்கள் நூலகத்தில் அனுமதி இல்லை. யாராவது பொறுப்பு நின்றால் வாசகர் அட்டை கொடுக்கலாம். பொறுப்பு நின்றவன் நான். இதை நீங்கள் மனதில் வைத்திருக்க வேண்டும். என் கையெழுத்து இல்லாவிட்டால் அவர் அந்தக் கோப்பைக் கண்ணாலும் கண்டிருக்க மாட்டார்.

அருமையான வாசகர். கை கழுவிவிட்டு வருவார். பக்கத்தின் மூலையை மடிக்க மாட்டார், பேனையை மேசைமேல் வைக்க மாட்டார். எந்தக் கோப்பை எடுத்தாலும் முதலில் முன்னட்டையில் கையெழுத்தைப் பார்ப்பார், பிறகுதான் உள்ளே போவார். கோடு என்றால் கோடு, அப்படியொரு கிளாக்கர். கொஞ்ச நாளில் சனிக்கிழமைகளில் பார்க்கிங் கோயில் ஆட்கள் இரண்டு மூன்று பேர் அவரோடு வரத் தொடங்கினார்கள். அவர்களுடைய கடிதங்களை வாசித்து, கோப்பைப் பார்த்து, என்ன எழுத வேண்டும் என்று சொல்லிக்கொடுப்பார். மத்தியானம் அவரும் நானும் பின்கட்டில் தேநீர் குடிப்போம். எனக்கு அவரைப் பிடிக்கும். இப்போதும் அதை மாற்றிச் சொல்ல மாட்டேன்.

தொண்ணூற்று மூன்று வைகாசியில் ஒருநாள் நான் சாப்பிடப் போயிருந்தேன். திரும்பி வந்தபோது விசாரணை மேசையில் எங்கள் தலைவி மிஸிஸ் பெம்பர்ட்டன் நிற்கிறார். எதிரே பெனடிக்ற், கையில் காணிச் சட்டக் கோப்பு. இரண்டு தாள்கள் முன்பின்னாகக் கோர்க்கப்பட்டிருப்பதை அவர் கண்டுபிடித்திருந்தார். நாலு வருசத்துக்கு முன் நான் செய்த பிழை. ஆனைக்கும் அடி சறுக்கும், அது இருக்கட்டும். ஊர் வழக்கப்படி நான் வரும்வரை காத்திருந்து, காதும் காதும் வைத்த மாதிரி என்னிடம் சொல்லியிருக்கலாம். அவர் தன் உடைந்த ஆங்கிலத்தில், இரண்டு மாணவர்கள் கேட்க, தலைவியிடம் சொல்லிக்கொண்டிருந்தார். சொல்லிவிட்டு என்னைக் கண்டதும் சந்தோசமாகத் தலையாட்டினார்.

மிஸிஸ் பெம்பர்ட்டன் என்னிடம் கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் அன்றே ஆறியிருக்கும். அவர் சிரித்துக்கொண்டே, இந்த மனிதருக்குப் பத்திரம் சரிவந்ததும் கிழமையில் இரண்டு நாள் லூஸ்லீஃப் வேலையை இவருக்கே கொடுக்கலாம், உனக்கும் பாரம் குறையும் என்றார். நானும் சிரித்தேன். இருக்க இடம் கொடுத்தால் படுக்கப் பாய் கேட்பது என்று எங்களில் சொல்வார்களே, அதுதான் நினைவில் ஓடியது. பெனடிக்ற் பாய் கேட்கவில்லை என்பது உண்மை. கொடுப்பதாகச் சொன்னது அவர்கள். ஆனாலும் எனக்குப் பொறாமை வந்தது. பூசி மெழுகாமல் சொல்லிவிடுகிறேன்: நெஞ்சு காந்தியது. அன்றிரவு சோறு இறங்கவில்லை. வீட்டுக்காரி வாயுக்கு மருந்து தந்தா.

முப்பத்தோராம் வெளியீடு ஆடி மாதம் வந்தது. நாற்பது தாள். கழற்றிக் கோர்த்துக்கொண்டு வரும்போது தொலைபேசி அடித்தது, எழுந்து போனேன், ஒரு தாள் மேசையில் தங்கிவிட்டது. இப்படித்தான் எனக்கு நானே நெடுங்காலம் சொல்லிக்கொண்டேன். தொலைபேசி அடித்தது உண்மைதான். ஆனால் அந்தத் தாளை அதற்கு முன்பே வாசித்து ஒதுக்கி வைத்துவிட்டேன்.

தாளில் இருந்த விசயம் சின்னது. விண்ணப்பம் மறுக்கப்பட்டவர் மேன்முறையீடு செய்ய எத்தனை நாள் என்பது மறுப்புக் கடிதத்திலேயே இருக்கும். அந்த நாளை எப்படி எண்ணுவது என்பதற்குத்தான் கோப்பு வேண்டும். பழைய தாளின்படி கடைசி நாளில் தபாலில் போட்டால் போதும். புதிய தாளின்படி கடைசி நாளுக்குள் மேன்முறையீட்டு அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். அவ்வளவுதான். பழைய தாளை அதன் இடத்திலேயே விட்டேன். மற்ற முப்பத்தொன்பதையும் கோர்த்தேன். முன்னட்டையில் திகதியிட்டுக் கையெழுத்தும் வைத்தேன். என் கையெழுத்து எப்போதும் வடிவாக இருக்கும்.

அந்த வேளையில் நான் நினைத்தது இதுதான்: பெனடிக்ற் ஒரேயொரு தரம் பிழைவிட வேண்டும். சனிக்கிழமை ஆட்களில் ஒருவருக்குத் தப்பாகச் சொல்லி, அவர்கள் வந்து முகம் சுளித்து, அந்தச் செய்தி மிஸிஸ் பெம்பர்ட்டன் காதுக்கு எட்ட வேண்டும். பெரிய ஆசை என்று சொல்ல முடியாது.

ஆவணியில் பெனடிக்றுக்கே மறுப்புக் கடிதம் வந்தது. அதை நான் எதிர்பார்க்கவில்லை. கடிதத்தைக் கொண்டுவந்து என்னிடம் காட்டினார். மன்னாரில் அவரைப் பிடித்து வைத்திருந்தபோது வெளியே எடுத்த பாதிரியார் ஒரு கடிதம் எழுதிக் கொடுத்திருந்தார். உடம்பிலுள்ள காயங்களுக்கு ஒரு டொக்டரின் சான்றும் அதோடு இருந்தது. இரண்டையும் கொழும்பிலிருந்து வருகிற ஒருவர் கையில் கொண்டுவருகிறார். அவை இல்லாமல் அனுப்பினால் முறையீடு வெறும் வாய்ப்பேச்சு. மேன்முறையீட்டுக்குக் கடைசி நாள், வங்கி விடுமுறைத் திங்களுக்கு அடுத்த செவ்வாய். கோப்பைத் திறந்தபடியே மேசைக்கு எடுத்துவந்தார்.

"அண்ணை, தபாலில போட்ட நாளைத்தானே கணக்கெடுப்பினம்? இந்தத் தாளில அப்பிடித்தான் கிடக்கு. ஃபாதரின்ர கடிதம் கொண்டுவாறவர் ஞாயிற்றுக்கிழமைதான் வந்து இறங்குறார். அதுவரைக்கும் வைச்சிருந்து அனுப்பலாமெண்டு பாக்கிறன்."

"முன்னட்டையைப் பாத்தனீரோ?" என்று கேட்டேன்.

"ஓம் அண்ணை. முப்பத்தொண்டுக்கும் உங்கட கையெழுத்துக் கிடக்கு."

"பிறகென்ன. அதைப் பாத்துச் செய்யும்."

இதில் நான் பொய் ஒன்றும் சொல்லவில்லை என்பதைக் கவனிப்பீர்கள். சட்ட ஆலோசனை சொல்வது நூலகர் வேலையல்ல, புத்தகத்தைக் காட்டுவதோடு எங்கள் கடமை முடிகிறது. வேலைக்குச் சேர்ந்த முதல் கிழமையிலேயே இதைச் சொல்லித்தருவார்கள்.

செவ்வாய்க்கிழமை பதினொரு மணிபோல் பெனடிக்ற் வந்தார். புதுச் சேட்டுப் போட்டு, தலை நன்றாக வாரியிருந்தார். பாதிரியாரின் கடிதமும் டொக்டரின் சான்றும் வந்து சேர்ந்துவிட்டனவாம், எல்லாம் சேர்த்துக் காலையிலேயே பதிவுத் தபாலில் போட்டுவிட்டாராம். தபாற்கந்தோரில் கொடுத்த பற்றுத் துண்டை எடுத்து என் முன்னால் வைத்து, ஒரு படி எடுத்துத் தர முடியுமா என்று கேட்டார். எடுத்துக் கொடுத்தேன். அவருடைய சட்டைப்பையில் முறையீட்டின் இன்னொரு படியும் இருந்தது. அந்த அலுவலகம் ரயிலில் ஒரு மணி நேரம். அலுவலகம் பூட்ட ஆறு மணி நேரம் கிடந்தது. தாள் என் முழங்காலுக்கு நேரே லாச்சியில் இருந்தது.

தேநீர் குடிக்கப் போவோமா என்று கேட்டேன். போனோம். றோஸ்மலர் சுட்டுக் கொடுத்தனுப்பிய பால்ரொட்டி கொண்டுவந்திருந்தார். அன்று நிறையப் பகிடி விட்டுச் சிரித்தார். பத்திரம் சரிவந்தால் தானும் நல்ல சப்பாத்து ஒன்று வாங்க வேண்டுமென்றார்.

முறையீடு வியாழக்கிழமை போய்ச் சேர்ந்தது. இரண்டு நாள் பிந்தியதால் ஏற்றுக்கொள்ளவில்லை. பாதிரியாரின் கடிதத்தை எவரும் பிரித்து வாசித்தார்களோ தெரியாது. ஒரு சொலிசிற்றர் ஓடித் திரிந்தார், சரிவரவில்லை. ஐப்பசியில் பெனடிக்றைக் கூட்டிப்போய் விமான நிலையத்துக்குக் கிட்ட ஓரிடத்தில் வைத்திருந்தார்கள், கார்த்திகையில் நாட்டுக்குத் திருப்பி அனுப்பினார்கள். கொழும்பில் ஒரு லொட்ஜிலிருந்து தமக்கைக்கு ஒரு கடிதம் வந்தது. அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை.

சனிக்கிழமை ஆட்களையும் நீங்கள் கேட்பீர்கள். ஒவ்வொரு விசாரணைக்கும் ஒரு கோடு போட்டு எண்ணுவது எங்கள் வழக்கம், உங்களுக்கும் தெரியும். அந்தப் பக்கத்துக்கு மட்டும் நான் ஒரு தனித் துண்டில் கோடு போட்டு வந்தேன். ஆடியிலிருந்து மார்கழிவரை பதினொரு தரம் திறந்திருக்கிறார்கள். பெனடிக்ற் நாலு, மற்றவர்கள் ஆளுக்கொரு தரமாக ஏழு. அந்த ஏழு பேருக்கும் என்ன நடந்தது என்று நான் விசாரிக்கவில்லை, வாசகரின் சொந்த விசயத்தில் தலையிடுவது அழகல்ல. மார்கழியில் முப்பத்திரண்டாம் வெளியீடு வந்தது. அதே பக்கம் திரும்பவும் மாறியிருந்தது. சொன்னபடி கழற்றிக் கோர்த்தேன். கோப்பு முழுவதும் மறுபடி சரியாயிற்று.

லூஸ்லீஃப் வேலையை வேறு எவருக்காவது கொடுப்பது பற்றி மிஸிஸ் பெம்பர்ட்டன் பிறகு பேசவில்லை. போன வருசம் ஓய்வுபெறும் நாள்வரை நானே செய்தேன்.

ஆக, உங்கள் கேள்விக்கு முழுப் பதில் இதுதான்: அது மறதியல்ல. தாளை வாசித்தேன், விளங்கிக்கொண்டேன், எடுத்து ஒளித்தேன், கோர்த்ததாகக் கையெழுத்து வைத்தேன், கேட்டபோது அந்தக் கையெழுத்தைக் காட்டினேன், காப்பாற்ற நேரம் இருந்த நாளில் தேநீர் குடிக்கக் கூட்டிப்போனேன். பெனடிக்றை அனுப்பியது அந்த அலுவலகம் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். அனுப்பியது நான். தாளை நீங்கள் தாராளமாக எறியலாம். காலாவதியானதை வைத்திருக்கக் கூடாது.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். தொண்ணூற்று நாலு தையில் றோஸ்மலர் நூலகத்துக்கு என்னைத் தேடி வந்தா. காணாமற்போனவர்களைத் தேடித்தரும் நிறுவனங்களின் முகவரி வேண்டுமென்றா. புதிய பதிப்பு முகவரிக்கொத்தை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் தொலைபேசி எடுத்துச் சரிபார்த்து, ஒன்பது முகவரி எழுதிக் கொடுத்தேன். மூன்று மணி நேரம் எடுத்தது, சாப்பிடவும் போகவில்லை. போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னா:

"தம்பி கடிதத்திலயும் உங்களைப் பற்றித்தான் அண்ணை எழுதினவன். இந்த ஊரில தனக்கெண்டு ஒரு மனிசன் இருந்தவரெண்டு."

அன்று தொடக்கம் ஒவ்வொரு நத்தார்ப் பண்டிகைக்கும் பார்க்கிங்கிலிருந்து இரண்டு ரயில் மாறி ஹரோவுக்கு வந்து, எங்களுக்கு ரிச் கேக் தந்துவிட்டுப் போகிறா. நல்ல கேக், முந்திரி அள்ளிப் போட்டிருப்பா. தம்பி எங்காவது இருப்பான் என்று இன்னும் நம்புகிறா. நான் தலையாட்டுவேன்.

இந்தக் கடிதத்தை அவவிடம் காட்ட வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றலாம். வேண்டாம், பிள்ளை. அந்த மனுசிக்கு உலகத்தில் மிஞ்சியிருப்பது தம்பியை நினைக்கிற ஒரு நல்ல மனிதர் ஹரோவில் இருக்கிறார் என்ற ஆறுதல் ஒன்றுதான். அதையும் பறிக்க எனக்கு மனம் வராது, நான் அப்படிப்பட்ட ஆள் இல்லை.

இப்படிக்கு,
வைத்தியநாதன்